தாவரத்தின் எல்லை எது? பலெர்மோவின் பாத்திகளில் படிந்த விடைகள்

கேள்வி

தாவரம் எது என்று கேட்டால், பச்சையாய் இருப்பது, ஓரிடத்தில் வேரூன்றி நிற்பது, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது என்று உடனே சொல்லிவிடலாம். கல்லூரி முதலாண்டுத் தாவரவியல் நூலைத் திறந்தால் அந்த விடை நிற்காது. ஆலும் நெல்லும் பெரணியும் உள்ள அதே நூலில் குளத்து ஸ்பைரோகைராவும், கடலில் வளரும் சர்காசமும், பழைய ரொட்டியில் படரும் ரைசோபஸும், மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டும் இடம்பெறுகின்றன. இவற்றில் பலவற்றுக்கு வேர் இல்லை. சில பச்சையே இல்லை. பூஞ்சைகளில் ஒன்றுகூடத் தன் உணவைத் தானே ஆக்குவதில்லை. இவையெல்லாம் ஒரு துறையின்கீழ் ஏன் வந்தன, வந்தது சரிதானா என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

பேச்சு வழக்கு இதில் அதிகம் கைகொடுப்பதில்லை. சிசிலியின் தலைநகரான பலெர்மோவை ஒட்டிய கடலடியில் பொசிடோனியா ஓஷியானிகா புல்வெளிபோலப் படர்ந்திருக்கிறது. அதன் உதிர்ந்த இலைகள் கரையில் மெத்தைபோலக் குவியும். இத்தாலியப் பேச்சில் அதைப் பாசி என்று சொல்பவர்கள் பலர். அதுவோ வேரும் பூவும் கனியும் உடைய பூக்கும் தாவரம். தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான உதாரணம் உண்டு. புகையிலைத் தோட்டத்தில் பச்சையே இல்லாமல் மண்ணிலிருந்து கிளம்பும் ஒராபாங்கி என்ற ஒட்டுண்ணியை உழவர்கள் புகையிலைக் காளான் என்கிறார்கள். அதன் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு சிற்றினம் சிசிலியின் ஃபாவா அவரை வயல்களில் பெருங்களை. பச்சையம் இல்லாவிட்டாலும் அது பூத்து விதைக்கும் செடிதான், காளான் அல்ல. பார்வைக்குத் தெரியும் அடையாளம் இரண்டு இடங்களிலும் ஏமாற்றிவிடுகிறது.

இந்த நீண்ட விவாதத்தைப் பலெர்மோவை வைத்துப் பேசக் காரணம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா 1795 டிசம்பரில் திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 10 ஹெக்டேர். அதன் மிகப் பழைய பகுதியில் செடிகள் லின்னேயஸின் முறைப்படி நடப்பட்டுள்ளன. பின்னர் சேர்ந்த ஒரு பகுதி எங்லரின் முறையில் அமைந்தது. பூங்காவை ஒட்டியிருக்கும் வில்லா ஜூலியா என்ற பொதுத்தோட்டத்தில்தான் 1787இல் ஜெர்மானியக் கவிஞர் கதே இதே கேள்வியைத் தனக்குள் எழுப்பிக்கொண்டார். தாவரத்தை வரையறுக்க முயன்ற மூன்று வெவ்வேறு மனப்போக்குகள் ஒரே மதில்சுவரின் இருபுறமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கல்வெட்டில் படிப்பதுபோல அவற்றை மண்ணில் படிக்கலாம்.

தோற்றத்தைக் கொண்டு பிரித்தவர்கள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், சிறுபுதர், பூண்டு என நான்காகப் பிரித்தார். எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பைக் காட்ட முடியவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். காளானுக்கும் நிலத்தடியில் விளையும் டிரஃபிளுக்கும் வேர், தண்டு, இலை, பூ எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அலெக்சாந்தரின் படையோடு வந்தவர்கள் வழியாகக் கேள்விப்பட்ட இந்திய ஆலமரத்தையும், அது கிளையிலிருந்து வேர் விடுவதையும் அவர் பதிவு செய்துள்ளார். உறுப்புகளுக்கு உரிய இடம் இதுதான் என்ற எண்ணத்தை அந்த மரம் கலைத்திருக்கக்கூடும். பலெர்மோ பூங்காவில் 1845இல் கொண்டுவரப்பட்ட ஆலின உறவான ஃபைகஸ் மேக்ரோஃபில்லா இன்று விழுதுகளால் ஒரு சிறு காடாகவே நிற்கிறது.

தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வைக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்பது அதன் பகுப்பு. மூங்கிலும் தென்னையும் பனையும் அந்த வழியில் புல்லின் பக்கம் சேரும். இன்றைய ஒருவிதையிலைத் தாவரங்களின் தண்டமைப்பை இது பெருமளவு ஒத்திருப்பது உண்மை. அதற்காக இதை நவீன வகைப்பாட்டின் முன்னோடி என்று சொல்வது மிகையாகும். மரபியல் செய்தது சொற்களுக்கு உரிய மரபை வகுப்பது. உறவுமுறையைத் தேடுவது அதன் நோக்கம் அல்ல. ஆனாலும் உருவத்தை விட்டுவிட்டுத் தண்டின் உள்ளமைப்பைப் பார்த்தது கூர்மையான கண் என்பதில் ஐயமில்லை.

சிசிலியிலேயே லின்னேயஸுக்கு முன் பணியாற்றியவர் துறவி ஃபிரான்செஸ்கோ குபானி. பலெர்மோவுக்கு அருகில் மிசில்மேரியில் கத்தோலிக்கா இளவரசரின் தோட்டத்தை அவர் பராமரித்தார். அங்கு வளர்ந்தவற்றை 1696இல் ‘ஹோர்த்துஸ் கத்தோலிக்குஸ்’ என்ற நூலாக்கினார். 1699இல் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய நறுமணப் பட்டாணி விதைகளிலிருந்துதான் தோட்டங்களில் இன்று காணும் வகைகள் பெருகின. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நீண்ட விவரணையே பெயராக இருந்த காலம் அது. செடிகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்த முறை மூச்சுமுட்டியது.

லின்னேயஸின் பாத்திகள்

லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட முறையும் 1753இல் வந்த ‘தாவரச் சிற்றினங்கள்’ நூலும் அந்த மூச்சுமுட்டலுக்கு மருந்தாயின. மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்த்து 24 வகுப்புகள், இரண்டு சொல்லில் பெயர். பூவை எண்ணத் தெரிந்த எவரும் செடியைக் கண்டுபிடித்துவிடலாம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லேயோன் டுஃபூர்னி வடிவமைத்த பலெர்மோப் பூங்காவின் முதல் பாத்திகள் இந்த முறையைப் பின்பற்றியதில் வியப்பில்லை. அங்கே பயின்ற மாணவருக்குப் பாத்தியே பாடநூல்.

குறை என்னவென்றால், எண்ணிக்கை ஒத்துப்போனால் உறவு இருப்பதாக ஆகாது. ஒரே மகரந்தத்தாள் இருக்கிறது என்பதற்காக மஞ்சளும் மூக்கிரட்டையும் முதல் வகுப்பில் ஒன்றாக நின்றன. கிழங்கு கொண்ட ஒருவிதையிலைச் செடிக்கும் தரையில் படரும் இருவிதையிலைக் கொடிக்கும் இடையே அதைத் தவிர ஒற்றுமை காண்பது கடினம். தன் முறை செயற்கையானது என்பதை லின்னேயஸும் அறிந்திருந்தார்.

இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அதைவிட முக்கியமானது கடைசி வகுப்பு. பூ கண்ணுக்குத் தெரியாதவை அனைத்தும் 24ஆம் வகுப்பில், மறைபூத் தாவரங்கள் என்ற பெயரில் குவிக்கப்பட்டன. பெரணிகள், பாசங்கள் (மாஸ்கள்), பாசிகள், பூஞ்சைகள் என்று அதற்குள் நான்கு பிரிவுகள். லைக்கன்கள் அங்கே பாசிகளாக எண்ணப்பட்டன. பூஞ்சைகள் பற்றி லின்னேயஸுக்கே உறுதியில்லை. 1735இன் நூலுக்கு 1767இல் வந்த பதிப்பில், காளான் விதைகளிலிருந்து வருவதாகச் சொல்லப்பட்ட நுண்ணுயிர்களைக் ‘குழப்பம்’ என்று பொருள்படும் கேயாஸ் என்ற பேரினத்தில், விலங்குகளின் பக்கம் வைத்தார். 23 வகுப்புகளைப் பூவைக் கொண்டு ஒழுங்குபடுத்திய முறை, பூவில்லாத எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஒதுக்கியது. பாசியும் பூஞ்சையும் ‘கீழ்நிலைத் தாவரங்கள்’ என்று பாடநூல்களில் நெடுநாள் வாழ்ந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரே மாதிரியைத் தேடிய கதே

1787 ஏப்ரலில் பலெர்மோ வந்த கதே, ஒடிசியஸின் கதையில் வரும் நவுசிக்காவைப் பற்றிய நாடகத்தை எழுதும் எண்ணத்தோடு வில்லா ஜூலியாவுக்குப் போனார். ஜெர்மனியில் தொட்டிகளிலும் கண்ணாடி வீடுகளிலும் மட்டுமே கண்ட செடிகள் அங்கே திறந்தவெளியில் செழித்து நின்றன. நாடகம் பின்னுக்குப் போயிற்று. இத்தனை வடிவங்களையும் தாவரம் என்று எப்படி அடையாளம் காண்கிறோம், எல்லாம் ஒரே மாதிரியைக் கொண்டு அமைந்திருக்காவிட்டால் அது எப்படி இயலும் என்பதே ஏப்ரல் 17ஆம் நாள் அவர் குறித்துவைத்த எண்ணத்தின் சாரம். அந்த மாதிரியை அவர் ஆதித்தாவரம் என்று அழைத்தார். 1790இல் வெளியான தாவர உருமாற்ற நூலில் இந்தச் சிந்தனை தெளிவான வடிவம் பெற்றது. விதையிலை, தண்டிலை, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் ஒரே உறுப்பின் மாறுபட்ட நிலைகள் என்றார் அவர்.

ஆதித்தாவரத்தை ஒரு மூதாதைச் செடியாகப் படிப்பவர்களும், மனத்தில் கொண்ட வடிவமாகப் படிப்பவர்களும் உண்டு. இரண்டாவதே அவரது காலத்துக்குப் பொருந்தும் வாசிப்பு என்று தோன்றுகிறது. இலையைப் பற்றிய பகுதி மட்டும் எதிர்பாராத ஆதரவைப் பெற்றது. 1991இல் கோயனும் மேயரோவிட்ஸும் முன்வைத்த மாதிரியின்படி மூன்று மரபணுத் தொகுதிகள் சேர்ந்தும் தனித்தும் இயங்குவதால் பூவின் நான்கு வட்டங்கள் உருவாகின்றன. அவை மூன்றும் செயலிழந்தால் பூவின் உறுப்புகள் இலைபோல ஆகின்றன. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சில மரபணுக்களைச் சேர்த்து இயக்கித் தண்டிலையையே அல்லிபோன்ற உறுப்பாக மாற்றிக் காட்டினார்கள்.

ஆனால் இந்த விடை பூக்கும் தாவரத்தோடு நின்றுவிடுகிறது. இலையே இல்லாத பாசிக்கும், இலைபோலத் தோன்றினாலும் இலையாகாத பாசத்தின் உறுப்புக்கும் அது எதுவும் சொல்லவில்லை. வில்லா ஜூலியாவின் செடிகளிலிருந்து பிறந்த கேள்விக்கு, அங்கே வளரக்கூடியவற்றை மட்டும் உள்ளடக்கிய விடை கிடைத்தது.

எங்லரின் வரிசை

ஜூசியூ, தெ கண்டோல் ஆகியோர் தொடங்கிய இயற்கை முறைகள் பல உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்தன. இந்தியக் கல்லூரிகளில் நிலைத்தது அந்த வழியில் வந்த பெந்தாம்–ஹூக்கர் முறை. டார்வினுக்குப் பின் எளியதிலிருந்து சிக்கலானதற்கு ஏறும் வரிசையாக எங்லரின் முறை வந்தது. 1887 முதல் பிரான்ட்லுடன் சேர்ந்து வெளியிட்ட பெருந்தொகுதியில் பாசியும் பூஞ்சையும் தொடங்கிப் பூக்கும் தாவரம்வரை எல்லாம் இடம்பெற்றன. பலெர்மோவின் எங்லர் பாத்திகளில் நடக்கையில் பரிணாமத்தின் பாதையில் நடப்பதாகவே ஒரு தலைமுறை நம்பியது.

அந்தப் பாதையின் திசை பல இடங்களில் தவறு. அல்லியில்லாத எளிய பூவே பழமையானது என்று எங்லர் கருதினார். அதனால் தமிழகக் கடற்கரையெங்கும் நடப்பட்டிருக்கும் சவுக்கு இருவிதையிலைத் தாவரங்களின் தொடக்கத்தில் நின்றது. சவுக்கின் எளிமை பின்னாளில் உறுப்புகள் சுருங்கியதால் வந்தது என்றும், அது ஓக் மரங்களின் துறையைச் சேர்ந்தது என்றும் இன்றைய மரபணு வகைப்பாடு காட்டுகிறது. 1998 முதல் நான்கு முறை வெளியான பூக்கும் தாவரக் குலவழி ஆய்வாளர் குழுவின் வகைப்பாட்டில் இருவிதையிலைத் தாவரங்கள் என்ற பழைய பெருங்குழு முழுதாக நிற்கவில்லை. ஒருவிதையிலைக் குழு மட்டும் தப்பியது.

சிதறிய பாசிகள்

பாத்தியில் நடக்கூடியவற்றைப் பற்றிய சர்ச்சை இப்படி நடந்துகொண்டிருந்தபோது, பெரிய திருப்பங்கள் பாத்தியில் நட முடியாதவற்றில் நிகழ்ந்தன. பாசியைப் பற்றிய கேள்வியைத் தீர்க்க நுண்ணோக்கி தேவைப்பட்டது.

1836இல் அயர்லாந்தின் ஹார்வி பாசிகளை நிறத்தைக் கொண்டு பழுப்பு, சிவப்பு, பச்சை எனப் பிரித்தார். நிறம் மேலோட்டமான அடையாளம் என்று பலர் எண்ணினாலும், நிறமிகளின் வேதியியல் உண்மையிலேயே ஆழமான பிரிவைக் காட்டுவது பின்னர் தெளிந்தது. அதே சமயம் பச்சையாகத் தெரிவதெல்லாம் பச்சைப்பாசி அல்ல என்பதும் வெளிவந்தது. இதில் சிசிலிக்கு நேரடிப் பங்கு உண்டு. பின்னாளில் பலெர்மோப் பூங்காவின் இயக்குநராக 1892 முதல் 1921இல் மறையும்வரை இருந்த அந்தோனினோ போர்சி, அதற்கு முன் மெசினாவில் பேராசிரியராக இருந்தபோது 1889இல் போட்ரிடியோப்சிஸ் என்ற புதிய பேரினத்தை விவரித்தார். இதுபோன்ற பாசிகள் மாவுப்பொருளைச் சேர்க்காமல் எண்ணெயைச் சேமிப்பதைக் கவனித்து, அவற்றைப் பச்சைப்பாசிகளிலிருந்து விலக்கித் தனித் துறையாக வைக்கும் முயற்சிக்கு வழி செய்தார். 1899இல் லூத்தர் இவற்றின் நகரும் செல்களில் இரு கசையிழைகளும் நீளத்தில் சமமில்லாமல் இருப்பதைக் கொண்டு அந்தப் பிரிவை உறுதியாக்கினார். இன்று மஞ்சள்பச்சைப்பாசிகள் என்று அழைக்கப்படும் இவை பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. எண்ணெய்த் துளிகளைப் பார்த்து எழுந்த ஐயம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மரபணுவில் மெய்யாயிற்று.

நீலப்பசும்பாசிகள் இன்னும் தொலைவுக்குப் போயின. அவற்றின் செல்லில் உட்கரு இல்லை. 1962இல் ஸ்டானியரும் வான் நீலும் பாக்டீரியத்தை வரையறுத்த கட்டுரைக்குப் பின் அவை பாக்டீரியங்களின் பக்கம் உறுதியாகச் சேர்ந்தன. சென்னையின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூல் அவற்றைப் பாசிகளாகவே விவரித்தது. இன்றும் உலகெங்கும் அந்தச் சிற்றினங்களை அடையாளம் காண்போர் அதைத்தான் புரட்டுகிறார்கள். உலகம் மாறினாலும் கவனமான விவரணை பழையதாவதில்லை.

விலக்கப்பட்ட அதே நீலப்பசும்பாசி மறுவாசல் வழியே தாவரத்தின் மையத்துக்கு வந்தது. செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகம் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த உயிர் என்று ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் சொன்னார். அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படாத அந்தக் கருத்தை 1967இல் லின் மார்குலிஸ் விரிவான சான்றுகளோடு மீட்டெடுத்தார். நீலப்பசும்பாசியின் முன்னோர் ஒன்றை இன்னொரு செல் விழுங்கித் தன்னுள் வாழவைத்ததே பசுங்கணிகத்தின் தோற்றம் என்பதில் இன்று பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. பச்சைப்பாசி, சிவப்புப்பாசி, நிலத்தாவரம் மூன்றும் அந்த ஒரே நிகழ்வின் வழித்தோன்றல்கள் என்று கருதப்படுகின்றன. பழுப்புப் பாசிகளின் கதை வேறு. அவற்றின் முன்னோர் சிவப்புப்பாசி ஒன்றை முழுதாக விழுங்கி அதன் பசுங்கணிகத்தைப் பெற்றன. எனவே ஒளிச்சேர்க்கை என்பது குலத்தின் அடையாளமாகாது, அது கைமாறக்கூடிய உடைமை. பச்சையே தாவரம் என்ற விடைக்கு இதைவிடப் பலமான மறுப்பு கிடைத்ததில்லை எனலாம்.

வெளியேறிய காளான்

பூஞ்சை தாவரமல்ல என்ற முடிவு ஒரே நாளில் வந்ததல்ல. பலெர்மோவில் ஜூசெப்பே இன்செங்கா 1863இல் மதோனியே மலைகளின் புகழ்பெற்ற வெண்காளானை அகாரிகஸ் நெப்ரோடென்சிஸ் என்று விவரித்தபோது அது தாவரவியல் பணியாகவே எண்ணப்பட்டது. இன்று புளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ் எனப்படும் இந்தக் காளான், தமிழகத்தில் வைக்கோல் படுக்கையில் வளர்க்கும் சிப்பிக் காளானின் பேரினத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1200 மீட்டருக்கு மேலே சுண்ணாம்புப் பாறை மேய்ச்சல் நிலங்களில், காக்ரிஸ் ஃபெருலேசியா என்ற கொத்துமல்லிக் குடும்பச் செடியின் வேரோடு ஒட்டி வளர்கிறது. சுவைக்காக அளவின்றிப் பறிக்கப்பட்டதால் 2006இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் அதுவரை பூஞ்சைகள் அரிதினும் அரிதாகவே இருந்தன. செடிக்குக் கிடைக்கும் கவனம் பூஞ்சைக்குக் கிடைக்காததற்கு, செடிகளின் வால்போல அது எண்ணப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

1867இல் ஸ்வெண்டனர் லைக்கன் என்பது ஓர் உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று அறிவித்தபோது லைக்கன் அறிஞர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த அறிவிப்பே பூஞ்சையின் வாழ்முறை தாவரத்தின் வாழ்முறையிலிருந்து எவ்வளவு வேறானது என்பதை வெளிச்சமிட்டது. ஹெக்கெல் 1866இல் தாவர உலகம், விலங்குலகம் இரண்டுக்கும் அப்பால் மூன்றாம் உலகம் ஒன்றை முன்மொழிந்தார். விட்டேக்கர் 1969இல் ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைக்குத் தனி உலகம் அளித்தார். தாவரம் ஆக்கி உண்கிறது, விலங்கு விழுங்கி உண்கிறது, பூஞ்சை செரிமானத்தை வெளியே நடத்தி உறிஞ்சி உண்கிறது என்பது அவரது அடிப்படை. செல்சுவரில் செல்லுலோஸுக்குப் பதில் கைட்டின், சேமிப்பில் மாவுப்பொருளுக்குப் பதில் கிளைக்கோஜன் என்ற வேதியியல் சான்றுகளும் துணைநின்றன. 1993இல் பால்டாஃபும் பாமரும் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு விலங்குகளே என்று புரதங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

உண்ணும் முறையைக் கொண்டு உலகங்களைப் பிரிப்பதன் பலவீனம் ஊமைசீட்களில் வெளிப்படுகிறது. இவை பூஞ்சையைப் போலவே இழைகளாக வளர்ந்து உறிஞ்சி உண்கின்றன. ஆனால் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு, நகரும் வித்துகளுக்குச் சமமற்ற கசையிழைகள் உண்டு. குலவழியில் இவை பழுப்புப் பாசிகளுக்கும் போர்சி பிரித்த மஞ்சள்பச்சைப்பாசிகளுக்கும் பங்காளிகள். தோற்றத்தைப் பார்த்துப் பூஞ்சை என்று நூறாண்டுக்கு மேல் நம்பியது, பொசிடோனியாவைப் பாசி என்பதைப் போன்ற பிழைதான்.

இது ஏட்டோடு நிற்கும் வேறுபாடு அல்ல. பலெர்மோவைச் சூழ்ந்த கொன்கா தோரோ சமவெளி எலுமிச்சைக்கும் மாண்டரினுக்கும் பெயர் பெற்றது. 1860களில் சிசிலியின் எலுமிச்சைத் தோப்புகளைப் பிசின்நோய் தாக்கியது. அடிமரத்தில் பட்டை அழுகிப் பிசின் வடிந்து மரங்கள் பட்டன. நோயைத் தாங்கும் கிச்சிலி வேர்மரத்தில் ஒட்டுக்கட்டும் பழக்கம் அதன்பின் பரவியது. பிசின்நோய்க்குக் காரணமான ஃபைட்டோஃப்தோரா ஓர் ஊமைசீட். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த மால் செக்கோ என்ற வாடல்நோய்க்குக் காரணமோ உண்மையான பூஞ்சை. அது நீர்க்குழாய்களுக்குள் புகுந்து கிளைகளை நுனியிலிருந்து காயவைக்கிறது. எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் ஃபைட்டோஃப்தோராவிடம் பலிப்பதில்லை, ஏனெனில் அது எர்கோஸ்டீராலை ஆக்குவதே இல்லை. அதற்குப் பயன்படும் மெட்டலாக்சில் மருந்து உண்மையான பூஞ்சைகளிடம் வேலை செய்வதில்லை. தமிழகத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வாடல்நோய் உண்டாக்குவதும் ஃபைட்டோஃப்தோராதான். எது பூஞ்சை, எது அல்ல என்ற கேள்வி கொடிக்கால்காரரின் செலவுக் கணக்கிலும் நுழைகிறது.

பூஞ்சைகளுக்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருந்தது. பாலினப் பருவம் ஒரு பெயரிலும் பாலிலாப் பருவம் வேறொரு பெயரிலுமாக ஒரே உயிர் இரு இடங்களில் வகைப்படுத்தப்பட்டது. இந்தப் பாலிலாப் பூஞ்சைகளை அவற்றின் வித்து தோன்றும் விதத்தைக் கொண்டு ஒழுங்குபடுத்தியவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன் முன்வரிசையில் நிற்பவர். அவரது ‘ஹைஃபோமைசீட்ஸ்’ நூல் 1971இல் வெளிவந்தது. இரட்டைப் பெயர் முறை 2011இல்தான் கைவிடப்பட்டது.

நிலத்துக்கு ஏறியது எது?

பூஞ்சையும் பல பாசிகளும் விலகிய பின் எஞ்சியவற்றை இணைப்பது எது? கதே பூவில் தேடிய ஒருமையை ஹோஃப்மைஸ்டர் 1851இல் வாழ்க்கைச் சுழற்சியில் கண்டார். பாசம், பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றிலும் இருவேறு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன. தாயின் உடலில் தங்கி வளரும் கரு அவை அனைத்துக்கும் பொது. நிலத்தாவரம் என்ற குழுவுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிக உறுதியான வரையறை இதுவே எனலாம்.

அந்தக் குழுவின் நீர்வாழ் முன்னோர் எது என்பதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் 1932இல் ஈர மண்ணில் வாழும் ஃப்ரிட்சியெல்லா டியூபரோசாவை விவரித்தார். மண்ணுக்குள் படரும் ஒரு பகுதியும் மேலே நிமிரும் கிளைகளும் வேர்போன்ற இழையும் கொண்ட அந்தப் பச்சைப்பாசி, நிலத்துக்கு ஏறிய முதல் தாவரத்தின் சாயலைக் காட்டுவதாகப் பலர் கருதினார்கள். பல பதிப்புகளில் அது பாடநூல் உதாரணமாக நின்றது. 1970களில் செல்பிரிவின் நுட்பங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பச்சைப்பாசிகளை இரு கிளைகளாகப் பிரித்தன. ஃப்ரிட்சியெல்லா ஒரு கிளையிலும், காராவும் ஸ்பைரோகைராவும் நிலத்தாவரங்களோடு மறுகிளையிலும் விழுந்தன. அண்மைய மரபணுத்தொகுதி ஆய்வுகள் பலவும் நிலத்தாவரங்களுக்கு மிக அருகில் ஸ்பைரோகைராவின் வகுப்பை வைக்கின்றன. காராவின் உடல் சிக்கலானது, செடிபோன்றது. ஸ்பைரோகைராவோ கிளைக்காத வெறும் இழை. அதன் முன்னோரிடம் இருந்த சிக்கல் பின்னர் குறைந்திருக்கலாம் என்பது இப்போதைய விளக்கம். சவுக்கின் பூவில் எங்லருக்கு நேர்ந்தது இங்கும் திரும்புகிறது. எளிமை பழமைக்குச் சான்றாகாது. ஃப்ரிட்சியெல்லாவின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. தரைக்கு ஏறும் முயற்சி பச்சைப்பாசிகளில் ஒருமுறைக்கு மேல் நடந்தது என்பதற்கு அது சான்று.

திறந்திருக்கும் எல்லைகள்

இன்று தாவரம் என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று எல்லைகள் புழக்கத்தில் உள்ளன. கருவுடைய நிலத்தாவரங்கள் மட்டும் என்பது மிகக் குறுகியது. பச்சைப்பாசிகளையும் சேர்ப்பது நடுவானது. சிவப்புப்பாசிகளையும் சேர்த்து 2005இல் ஆர்க்கிப்பிளாஸ்டிடா என்று பெயரிட்ட பெருங்குழு மிக விரிந்தது. முதல் இரண்டும் குலவழியில் உறுதியானவை. மூன்றாவது இன்னும் முழு உறுதி பெறவில்லை. பசுங்கணிகத்தின் மரபணுக்கள் அதன் ஒருமையை ஆதரிக்க, உட்கருவின் மரபணுக்களைக் கொண்ட சில ஆய்வுகள் வேறு குழுக்களை அதனிடையே நுழைக்கின்றன. பூஞ்சை உலகின் அடியிலும் இதே நிலை. செல்சுவரின்றி வேறு உயிரின் செல்லுக்குள் வாழும் ரோசெல்லாவும் மைக்ரோஸ்போரிடியாவும் பூஞ்சைகளா, அவற்றின் பக்கத்து வீட்டாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. குலவழியை மட்டும் அளவுகோலாகக் கொள்வதா, வாழ்முறைக்கும் இடம் தருவதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் வகைப்பாடு இதுவரை அமையவில்லை.

பெயரிடும் விதிகள் மட்டும் குலம் பிரிந்த பின்னும் பாசி, பூஞ்சை, தாவரம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கின்றன. 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, சர்வதேசத் தாவரப் பெயரீட்டு விதித்தொகுப்பின் பெயரைப் பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான விதித்தொகுப்பு என்று மாற்றியது. 2017இல் ஷென்ஜெனில் கூடிய மாநாடு, பூஞ்சைகளுக்கு மட்டும் உரிய விதிகளை முடிவு செய்யும் பொறுப்பைப் பூஞ்சையியல் மாநாட்டிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு சான் ஹுவானில் பூஞ்சையியலாளர்கள் அந்தப் பொறுப்பை முதன்முறையாகப் பயன்படுத்தினார்கள். நீலப்பசும்பாசிகளின் பெயர்களுக்கோ தாவர விதியும் பாக்டீரிய விதியும் இரண்டுமே இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன.